அடுப்பை அணைத்த கை

சாறி எட்டவில்லை. இடுப்பில் செருகினால் கணுக்கால் தெரிந்தது. கணுக்காலை மூடினால் இடுப்பில் செருக ஒன்றும் மிஞ்சவில்லை. உயிரோடு இருந்தபோதே நெஸ்டா ஐந்தடி பத்தங்குலம். ஃபியூனரல்காரரின் குளிர் அறையில் கிடத்தியபிறகு இன்னும் நீண்டுவிட்டாள்.

"ஒரு சொக்ஸைப் போட்டுவிடு. பெட்டிக்குள்ள ஆர் காலைப் பாக்கப் போயினம்?" என்றாள் சுசிலா மாமி.

சந்திரவதனா மடிப்பைக் குலைத்து மறுபடி மடித்தாள். மாமி அப்பாவின் தங்கை; நெஸ்டா, அப்பா லண்டனில் சேர்ந்துகொண்ட துணைவி. குங்குமச் சிமிழும் பூமாலையுமாகப் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்திலிருந்து மூன்று ரயில் மாறி வந்திருந்தாள். ஐம்பது வருடமாக நெஸ்டாவை 'அந்த வெள்ளைக்காரி' என்று மட்டுமே சொல்லிவந்த வாய், செவ்வாய்க்கிழமையிலிருந்து 'மச்சாள்' என்கிறது. செத்தால் எல்லோருக்கும் உறவுமுறை ஏறிவிடும். இணையத்தில் போட்ட மரண அறிவித்தலும் மாமியின் மேற்பார்வையில்தான் எழுதப்பட்டது. வேல்ஸைப் பிறப்பிடமாகவும் நோர்பரியை வதிவிடமாகவும் கொண்ட நெஸ்டா பாலேந்திரா, பாசமிகு துணைவி, அன்புத் தாய், இத்யாதி. நடிகை என்ற சொல்லை, சனம் என்ன நினைக்கும் என்று மாமி எடுத்துவிட்டாள்.

"மச்சாள் சுமங்கலியாப் போறா. குடுத்து வைச்சவ." மாமி அந்த வெள்ளை நெற்றியில் குங்குமத்தை அமர்த்தி வைத்தாள். "உன்ர கொம்மாவும் சுமங்கலியாத்தான் போனவ. என்ன, பொட்டு வைக்கத்தான் பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லை."

சந்திரவதனா கையிலிருந்த ஊசியைச் சாறியில் குத்தினாள். கொஞ்சம் ஆழமாகவே போனது. நெஸ்டா ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடத்தில் நெஸ்டா ஒன்றும் சொல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

சாவதில் நெஸ்டாவுக்கு நல்ல பழக்கம் உண்டு. வேல்ஸின் வடக்கே, மலையை உடைத்துக் கூரைக் கற்பலகை எடுக்கிற ஊரில் பிறந்தவள். தகப்பன் அந்தத் தூசியைக் குடித்தே செத்தவர். தேவாலயத்தில் கவிதை ஒப்புவித்துப் பரிசு வாங்கிய பெட்டை, பதினெட்டு வயதில் ஒரு பெட்டியோடு லண்டன் வந்து மேடை ஏறினாள். இருபத்தேழு வயதில் நடித்த ஒரு படத்துக்காக அவளுடைய முகத்தைப் பஸ்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு நகரம் முழுக்கத் திரிந்தார்கள். நாற்பது தாண்டியதும் பஸ்ஸில் வேறு முகங்கள் வந்தன. அதற்குப் பிறகு கிடைத்ததில் அநேகம் சாகிற வேஷம். கசநோயில், பிள்ளைப்பேற்றில், விஷத்தில், குண்டில் என்று பதினொரு தடவை செத்திருப்பதாகச் சாப்பாட்டு மேசையில் விரல் மடித்துச் சொல்லிச் சிரிப்பாள். ஒவ்வொன்றிலும் தலை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதும் நினைவிருக்கும். பன்னிரண்டாவது தடவை மட்டும் பார்க்க ஒருவரும் இல்லை. வாயைத் திறந்தபடி, ஒரு கால் போர்வைக்கு வெளியே தொங்க, எந்த அழகும் இல்லாமல் செத்துப்போனாள்.

அன்று காலை சந்திரவதனா அவளுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சந்திரா, நான் செத்தா நீ அழுவியோ?"

தமிழில்தான் கேட்டாள். நெஸ்டாவின் தமிழ் அப்பாவிடம் படித்ததல்ல. 1988 இல் சந்திரவதனா இருபது வயது அகதியாக வந்து நோர்பரி வீட்டின் மேலறையில் இறங்கியபிறகு, அவள் ரெலிபோனில் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு எடுத்தது. சொல்லை மட்டும் எடுக்கவில்லை. இழுவையை, மூச்சை, 'ஓம்' சொல்லமுன் வருகிற சின்னத் தயக்கத்தை எல்லாம் சேர்த்தே எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சந்திரவதனாவோடு சந்திரவதனாவே கதைப்பதுபோல இருக்கும்.

"இல்லை," என்றாள் சந்திரவதனா.

"ஒரு சொட்டும்?"

"ஒரு சொட்டும் இல்லை."

"அப்ப இப்ப ஒருக்கா அழுதுகாட்டன். பிறகு நான் பாக்க ஏலாதெல்லோ."

"நீங்கள் பாக்கக் கூடாது எண்டுதான் இருபத்தெட்டு வருசமா அழாமல் இருக்கிறன்."

நெஸ்டா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நெடுநேரம் எடுத்தது. "நல்ல வசனம். உன்னட்ட எப்பவும் நல்ல சாமான் இருக்கும்," என்றாள்.

அதுதான் கடைசி. சந்திரவதனா கீழே போய் அடுப்பில் சோறு வைத்தாள். தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கோப்பையை மேசையில் வைத்தாள். கீழே போய் அடுப்பை அணைத்தாள். பிறகு டொக்டருக்குப் போன் எடுத்தாள். தன் கண்கள் காய்ந்து கிடந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை ஒளிக்க வீட்டில் ஒருவரும் இல்லை.

*

ஃபியூனரல்காரரிடமிருந்து வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் மகள் ஜதுர்ஷிகா லப்டொப்பைத் திறந்து வைத்திருந்தாள். எதிரே நெஸ்டாவின் ஏஜென்ற் பீற்றர், எழுபத்தெட்டு வயதுக் கிழவர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஜன்னலோரம் அப்பா பாலேந்திரா சக்கர நாற்காலியில். எண்பத்துநாலு வயதிலும் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்காததுபோல இருக்கவும் தெரியும்.

"அம்மா, நைன் எல்லாத்தையும் பிளான் பண்ணிவைச்சிருக்கிறா," என்றாள் ஜதுர்ஷிகா. வேல்ஸ்காரர் பாட்டியை நைன் என்பார்கள். பிறந்ததிலிருந்து அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். சந்திரவதனாவுக்கு அது பிடிக்காது என்று ஒருபோதும் கண்டுபிடித்ததில்லை. "பாருங்கோ, ரைப் அடிச்சுக் குடுத்திருக்கிறா."

ஒரு தாள். எத்தனை மணிக்குப் பெட்டி உள்ளே வரவேண்டும், யார் எங்கே இருக்கவேண்டும், பீற்றர் எத்தனை நிமிடம் பேசலாம், எந்தப் பகிடியைச் சொல்லக் கூடாது. கடைசிப் பகுதியை ஜதுர்ஷிகா தமிழாக்கி வாசித்தாள்.

"பீற்றருக்குப் பிறகு படத்துண்டு. இரண்டு நிமிசம். பிறகு ஒருத்தரும் கதைக்கக் கூடாது. எரிக்கிற இடத்தில பட்டனைச் சந்திராதான் அமத்தவேணும், வேற ஒருத்தரும் இல்லை. அவளின்ர முகம் தெரியிற பக்கமாப் பாலாவும் ஜதுவும் பீற்றரும் நிக்கவேணும்."

சந்திரவதனாவுக்கு உடனே விளங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை கேட்டுக் கிடைக்காததை நெஸ்டா இன்னும் விடவில்லை. செத்தும் டிரெக்‌ஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"எங்கட முறையில பொம்பிளையள் கொள்ளி வைக்கிறேல்லை," என்றாள் சந்திரவதனா. "உங்கட மருமோன் இருக்கிறார். அவர் அமத்தட்டும்."

"அவ ஆசைப்பட்டது, பிள்ளை," என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி.

"எந்தப் படத்துண்டு?" என்று கேட்டாள். கேட்கத் தேவையில்லை. எண்பத்துமூன்று வயது வாழ்க்கையில் போட்டுக்காட்ட ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"வேற எது? அந்தக் குசினி சீன்." ஜதுர்ஷிகா விசையை அமத்தினாள். "கேளுங்கோ அம்மா. இதை எப்பிடித்தான் செய்தாவோ தெரியாது."

அந்தச் சத்தம் லப்டொப்பிலிருந்து கிளம்பியது. சந்திரவதனா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அதற்குள் எதையோ தேடுகிறவளாகத் தலையை உள்ளே விட்டுக்கொண்டாள்.

1995, நவம்பர் தொடக்கம். ஒரு சனிக்கிழமை. இதே வீடு, இதே குசினி. அடுப்பில் சோறு. சுவரில் ரெலிபோன். சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணம் முழுக்க மழைக்குள் ரோட்டில் நடந்துகொண்டிருந்த நாட்கள். கொழும்பிலிருந்து ஒரு உறவுக்காரர் எடுத்தார். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி அம்மா விழுந்துவிட்டா. மூன்று நாள் ஆகிவிட்டது. யாரோ ஒருவரின் வளவுக்குள் தாட்டுவிட்டு மற்றச் சனம் தொடர்ந்து நடந்துவிட்டது. நெருப்பு வைக்க மழை விடவில்லை.

சந்திரவதனாவின் வாயில் முதலில் வந்தது அழுகையே இல்லை. "ம்?" என்று ஒரு கேள்வி. சரியாகக் கேட்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கோ என்கிற மாதிரி. பிறகு இன்னொரு "ம்?". மூன்றாவது "ம்?" உடைந்து திறந்துகொண்டது. அதற்குள்ளிருந்து வந்த சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது. உள்ளங்கையால் தொடையில் அடித்துக்கொண்டாள். அலமாரியில் இடுப்பு இடித்தது. அதற்கு நடுவில் சோறு அடிப்பிடிக்கிற மணம் வர, கை தானாகப் போய் அடுப்பின் குமிழைத் திருகி அணைத்தது. அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

குசினி மேசையில் நெஸ்டா இருந்தாள். எழும்பி வரவில்லை. கையைப் பிடிக்கவில்லை. கடித்த பாண்துண்டு கையில் அப்படியே இருக்க, கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பா நின்றார். 1971 இல், சந்திரவதனாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது, இரண்டு வருடத்தில் வாறன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மின்சார வேலை படிக்க வந்தவர். வந்த இடத்தில் ஒரு தியேட்டரில் லைற் வேலை கிடைத்தது, நெஸ்டாவும் கிடைத்தாள், படிப்புத்தான் கிடைக்கவில்லை. மாதம் தவறாமல் காசு அனுப்பினார், ஆள் போகவில்லை. மனைவியின் சாவைக் கேட்டு வாசலில் கொஞ்சநேரம் நின்றார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து அந்த நாடகம். எந்த நாடு என்று சொல்லப்படாத ஒரு நாட்டில் சண்டை. மகனை இழக்கிற ஒரு தாய். நெஸ்டாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து. ஒரு வருடமாக ஒரு வேஷமும் வரவில்லை. முதல் நாளைக்குச் சந்திரவதனாவுக்கு நாலாவது வரிசையில் இலவச ரிக்கெற். மேடையில் ஒரு குசினி. ரெலிபோன் அடித்தது. நெஸ்டா எடுத்தாள்.

"ம்?"

 இரண்டாவது "ம்?". மூன்றாவது. பிறகு அந்தச் சத்தம், ஒரு மயிர் பிசகாமல். தொடையில் அடி. இடுப்பில் இடி. நடுவில் கை போய் அடுப்பை அணைத்தது. அணைத்த கையின்மேல் மட்டும் மெல்ல ஒரு வெளிச்சம் விழுந்து, மெல்லப் போனது.

சபை எழுந்து நின்று கைதட்டியது. சந்திரவதனாவும் எழும்பினாள், இருந்தால் முன்வரிசைக்காரரின் முதுகுதான் தெரியும் என்பதால். பேப்பர்கள் அந்தக் கையைப் பற்றி எழுதின. துயரத்தின் உச்சியிலும் அடுப்பை அணைக்கிற ஒரு தாயின் கை. இதைக் கற்பனை செய்ய எப்பேர்ப்பட்ட நடிகை வேண்டும் என்று எழுதின. பரிசு கிடைத்தது. நாடகம் படமானது. நெஸ்டா மறுபடி பஸ்ஸில் ஏறினாள்.

அன்று ஒப்பனை அறையில் நெஸ்டா முகத்தைத் துடைத்துக்கொண்டே, சந்திரவதனாவின் குரலில் கேட்டாள்: "எப்பிடி? சரியாச் செய்தனானோ?"

"அது என்ர அம்மாவுக்கு அழுதது," என்றாள் சந்திரவதனா.

"தெரியும். எங்கட ஊரில பொம்பிளையள் சவக்காலைக்குப் போறேல்லை, சந்திரா. என்ர அம்மாவைப் புதைக்கக் கொண்டுபோகேக்க நான் வீட்டில நிண்டு வாற சனத்துக்குச் சான்விச் வெட்டிக்கொண்டு நிண்டனான். அழத் தெரியாத சாதி நாங்கள். உன்னட்ட இருந்தது, எடுத்தன். உனக்கு ஒண்டும் குறையேல்லையே?"

குறைந்தது. அதற்குப் பிறகு சந்திரவதனாவால் அழ முடியவில்லை. கலியாணத்தில் அழவில்லை. பிள்ளைப்பேற்று நோவில் பல்லைக் கடித்தாள். மாமியார் செத்தபோது மற்றப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குழற, அவள் தேத்தண்ணி ஊற்றினாள். கல்நெஞ்சி என்று பெயர் வந்தது. தொண்டைவரைக்கும் வரும், வந்ததும் அது நெஸ்டாவின் சத்தமாகக் கேட்கும், விழுங்கிவிடுவாள். ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? படம் எடுத்தது அவர்களிடம் இருக்கிறது. அவளிடம் என்ன இருக்கிறது?

குளிர்சாதனப் பெட்டி திறந்திருந்து திறந்திருந்து பீப் என்று கத்தத் தொடங்கியது. பீற்றர் போய்விட்டார். ஜதுர்ஷிகா மாடிக்குப் போனாள். சந்திரவதனா கதவைச் சாத்திவிட்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு நாலு சனம் வரும்," என்றார் அப்பா. "அவவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஒருக்கா அழு, பிள்ளை. அழ ஒருத்தரும் இல்லாமல் எரிக்கக் கூடாது."

"அம்மாவை எரிக்கவே இல்லை."

"அதை ஏன் இப்ப..."

"அப்பா, அந்த நாடகத்தில கைக்கு லைற் போட்டது ஆர்?"

அவர் கேட்காததுபோல இருக்கப் பார்த்தார். அவள் அசையாமல் நின்றாள்.

"நீங்கள் வாசலில நிண்டு பாத்தனீங்கள். அது என்ர கை எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஒவ்வொருநாளும் அதுக்கு லைற் போட்டனீங்கள்."

"டிரெக்டர் கேட்டவர். நான் வேலைக்காரன்." பாலேந்திரா போர்வையை முழங்காலில் இழுத்துவிட்டார். ஆறுதல் சொல்கிறவரைப்போலவே, "இருநூறு ஷோ, பிள்ளை," என்றார். "இருநூறு நாளும் சனம் எழும்பி நிண்டது. உன்ர கொம்மாவுக்கு அதைவிட வடிவா ஆர் அழுதிருப்பினம்?"

சந்திரவதனாவின் கை உயர்ந்தது. அறையத்தான் உயர்ந்தது. எண்பத்துநாலு வயதுக் கன்னத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கையாலேயே அவருடைய மருந்துப் பெட்டியை எடுத்து, வியாழக்கிழமைக் குளிசைகளைக் கொட்டிக் கொடுத்தாள். நாளைக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை என்று அப்போது முடிவுசெய்தாள். பட்டனை அமத்தலாம். அது வேலை. முகத்தைக் கொடுக்க மாட்டாள்.

*

குரோய்டன் பக்கத்து எரியூட்டும் மண்டபத்தில் மறுநாள் இரண்டு கூட்டம். இடப்பக்கம் நோர்பரி, பார்க்கிங் சனம். வலப்பக்கம் கறுப்புக் கோட்டும் வண்ணத் துண்டுமாகப் பழைய நடிகர்கள். நடுவில் எட்டாத சாறியில், குங்குமத்தோடு நெஸ்டா. குருக்கள் வேகமாக முடித்தார். சந்திரவதனாவின் கணவர் கிருஷ்ணராசா வாய்க்கரிசி போட்டார். பெண்கள் பெட்டியைச் சுற்றி வந்து, அழுவதற்குச் சந்திரவதனா தொடங்கட்டும் என்று அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். அவள் பூமாலையைச் சரிசெய்துவிட்டுப் போய் இருந்தாள். பின்னால் ஒருத்தி, "பெறாத தாய்தானே," என்றாள். இன்னொருத்தி, "ஒரு நாய் செத்தாலும் ரெண்டு சொட்டு வரும்," என்றாள்.

பீற்றர் பேசினார். சொல்லக் கூடாத பகிடியைச் சொன்னார். பிறகு விளக்குகள் குறைந்து, சுவரில் அந்தக் குசினி வந்தது.

சந்திரவதனா தரையைப் பார்த்தாள். காதை மூட வழியில்லை. "ம்?" வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது உடைந்தபோது, இடப்பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்தப் பெண்களுக்கு நாடகமும் தெரியாது, படமும் தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்தை அவர்களுடைய உடம்பு அறிந்திருந்தது. ஒருத்தி வாயில் முந்தானையை வைத்தாள். சுசிலா மாமி "ஐயோ என்ர மச்சாள்" என்று தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நெஸ்டா சுவரில் அழ, மண்டபத்தில் முப்பது பெண்கள் அவளோடு அழுதார்கள். 'அது என்ர அம்மாவுக்கு, என்ர அம்மாவுக்கு' என்று சந்திரவதனாவின் நாக்கு பல்லுக்குப் பின்னால் புரண்டது. நாவற்குழிக்கு அப்பால் பெயர் தெரியாத ஒரு வளவுக்குள் கிடக்கிறவளுக்கு இத்தனை பேர் ஒருநாளும் அழுததில்லை. இன்றும் அவளுக்காக அழவில்லை.

"வெள்ளைக்காரி எண்டாலும் எங்கட ஆக்கள் மாதிரி எப்பிடி அழுறா பாத்தியே," என்று மாமி காதுக்குள் சொன்னாள். "நீயும் இருக்கிறாய்."

படம் முடிந்தது. தாளில் எழுதியிருந்தபடியே ஒருவரும் கதைக்கவில்லை.

பின்னறைக்கு ஆறு பேரைத்தான் விடுவார்கள். அப்பா, கிருஷ்ணராசா, ஜதுர்ஷிகா, பீற்றர், மாமி, சந்திரவதனா. சுவரில் எவர்சில்வர் தகடு, அதன் நடுவில் உருண்டையான ஒரு பச்சைப் பட்டன். பெட்டி உருளைகளில் ஓடிப் போய் உள்ளே நின்றது. இரும்புக் கதவு இறங்கியது. பீற்றர் தாளைப் பார்த்து அப்பாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய், அவளுடைய முகம் தெரிகிற பக்கமாக நிறுத்தினார். ஜதுர்ஷிகாவும் அங்கே போய் நின்றாள். அப்பா தலையை நிமிர்த்தி, கூரையில் ரியூப் லைற் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். ஐம்பது வருடத் தொழில் பழக்கம்.

"எப்ப ஆயத்தமோ அப்ப, மடம்," என்றான் கையுறை போட்ட பணியாள்.

சந்திரவதனா முகத்தை ஒரு தட்டைப்போல வைத்துக்கொண்டு பட்டனை அமத்தினாள்.

அவள் எதிர்பார்க்காதது அந்தச் சத்தம். உள்ளே காஸ் பற்றிக்கொள்கிற 'பொக்'. பெரிதாக இருந்தது; ஆனால் அதே சத்தம்தான். ஒவ்வொரு நாளும் காலையில் குசினியில் கேட்கிற சத்தம். இந்தப் பெரிய நெருப்பு, ஒரு துளி மழை விழாத இடத்தில், இவளுக்கு. குங்குமம் வைக்க ஆள், மாலை போட ஆள், அழ முப்பது பேர், அமத்த ஒரு மகள்.

"ம்?" என்றாள் சந்திரவதனா.

ஒருவரும் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "ம்?" என்றாள் மறுபடி. வாயைப் பொத்தக் கையைத் தூக்கினாள். கை தொடையில் போய் அடித்தது. மூன்றாவது உடைந்து திறந்துகொண்டது. இருபத்தெட்டு வருடமாக உள்ளே கிடந்தது, பழுதாகாமல், ஒரு மயிர் பிசகாமல் வெளியே வந்தது. இரும்புச் சுவர்களில் பட்டுப் பெரிதாகித் திரும்பியது. மாமி இரண்டடி பின்னால் போனாள். பீற்றர் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கிருஷ்ணராசா, இருபத்தேழு வருடப் புருசன், அவளை முன்பின் பார்த்திராதவர் போல நின்றார். அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜதுர்ஷிகா ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். அவளுடைய கன்னமும் நனைந்திருந்தது.

"ஐயோ அம்மா," என்றாள், அழுகையும் அதிசயமுமாக. "நீங்கள் அழுறது அப்பிடியே நைன் மாதிரி. அவவைப் பாத்துப் பாத்து உங்களுக்கும் வந்திட்டுது என்ன?"

பீற்றர் ஓம் என்று தலையாட்டினார்.

மகளின் தோளுக்கு மேலால் சந்திரவதனாவின் வலக்கை சுவருக்குப் போயிற்று. பச்சைப் பட்டனைப் பிடித்து இடப்பக்கம் திருகியது. அது திருகுகிற பட்டன் அல்ல. மறுபடி திருகியது.

"பரவாயில்லை, மடம்," என்றான் பணியாள். "அது தானா நிக்கும். ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும்." அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டான்.